உப்பு முப்பத்தைந்து

நைட் டியூட்டி முடிந்து வந்தேன்.
ஹைகிரவுண்டில் ஏழு டிரெஸ்ஸிங், ஒரு பாம்புக்கடி.
பெருமாள்புரம் வீட்டுக் கதவைத் திறந்தால்
தொட்டித் தண்ணீர் கஞ்சியாய்க் கலங்கியிருக்கிறது.
அலை மோட்டாரின் வாயில்
கடற்சாமந்தி,
பாதி உள்ளே, பாதி வெளியே.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினேன்.

விசிறியைப் பின்பக்கமாய்ச் சுற்றிச் சுற்றி
இழை இழையாக எடுத்தேன்.
கிழிந்தது போக மீதி
உள்ளங்கையில் ஒட்டியது, லேசாகச் சுருக்கென்றது.
கொட்ட முடிகிறதா, அப்போ சரி.

"சவத்தத் தூக்கி வெளிய போடு, நாறிரும்"
என்றார் இஸ்ரவேல், டீயை ஆற்றியபடி.
நாறினால்தான் தெரியும்.
வார்டிலும் காயத்தை முதலில் மூக்கால்தான் பார்ப்போம்.
குனிந்து மோந்தேன்:
உவரிக் கரையில் விடியற்காலை. அழுகல் இல்லை.

அரிசி களையும் ஓட்டைக் கூடையைத்
தொட்டிக்குள் மிதக்கவிட்டு அதில் கிடத்தினேன்.
ஊசி கிடையாது, களிம்பு கிடையாது.
சுத்தமான தண்ணீர். முப்பத்தைந்தில் நிற்கும் உப்பு.
கொஞ்சம் இருட்டு.
கோமாளி மீன்கள் இரண்டும்
விசிட்டர் நேரம் முடிந்தும் போகாத சொந்தக்காரர்கள்போலக்
கூடையை வெளியிலிருந்து முட்டிக்கொண்டே இருந்தன.

வியாழனன்று தொம்மை மச்சான்
இருபது லிட்டர் கேன் மூன்றை
பஸ்ஸின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்தார்.
கண்டக்டர் கடலுக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தாராம்.
"இதயா? வலையில ஏறுனா பிச்சு எறிவோம்லா."
கேனைச் சரிக்கும்போது அவரேதான்
பைய ஊத்து, பைய, பைய என்றார்.

சனிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு.
ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை கரண்ட் இல்லை.
பேட்டரிக் குமிழி பன்னிரண்டுக்கே மூச்சைவிட்டது.
டம்ளரால் மொண்டு, உயரத்திலிருந்து ஊற்றி,
மொண்டு, ஊற்றி,
கை கடுத்தபோது
இஸ்ரவேல் ஒன்றும் சொல்லாமல் டம்ளரை வாங்கினார்.
ஆற்றத் தெரிந்த கை. என்னைவிட நுரை வந்தது.

எட்டாம் நாள்வரை வாய் பிளந்தே கிடந்தது.
பிறகு இறாலை அரிசிமணியாய் நறுக்கி
ஃபோர்செப்ஸில் நீட்டினேன்.
மூன்று முறை துப்பியது.
நான்காவது முறை
ஒரு விரல் மடங்கியது, அதைப் பார்த்து இன்னொன்று,
மெல்ல.

ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை.
மோட்டார் வாயில் மாட்டும் ஸ்பாஞ்சைக்
கழுவ எடுத்தது யார் என்று.
மாடிக் கொடியில், என் யூனிஃபார்மை ஒட்டி,
கிளிப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தது அது.
அன்றைக்கே எடுத்து மாட்டிவிட்டேன்,
ஒருவரும் எழுந்திருக்குமுன்.

இருபத்தாறாம் நாள் நடுவில் ஒரு கோடு.
காயம் மூடவில்லை, பிரிந்துபோனது.
இரண்டு பாதம், இரண்டு வாய்.
"இதுல எதும்மா பழசு?" என்கிறாள் ஜெமிமா.
கேஸ் ஷீட்டில் எப்படி எழுத?
அட்மிஷன் ஒன்று, டிஸ்சார்ஜ் இரண்டு.
பிரசவ வார்டில் தவிர நான் எழுதியதில்லை.

பெரியது பாறையைப் பிடித்துக்கொண்டது,
மீன்கள் அதற்குள் குடிபோயின.
சின்னது மட்டும்
ராத்திரியோடு ராத்திரியாக நகர்ந்து
அந்த மோட்டாருக்கே பக்கத்தில் போய் ஒட்டியிருக்கிறது.

ஸ்பாஞ்சைத் தொட்டுப் பார்த்தேன், இருக்கிறது.
பையை மாட்டி, லைட்டை அணைத்து,
திரும்பி வந்து
இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன்.