ஃபேனை நிறுத்துங்கள்

ஃபேனை நிறுத்துங்கள் என்றாள் எஸ்தர்ராணி.
நிறுத்தினேன்.
ஃபிரிட்ஜையும்.
மே மாதம், பகல் பதினொரு மணி,
சாந்தோம், நாலாவது மாடி.
இங்கிருந்து கடல் தெரியாது,
உப்பு மட்டும் படியேறி வரும்.

அயனாவரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்தவள்
ஹெல்மெட்டைச் சோபாவில் போட்டுவிட்டு
முன்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள்.
பன்னிரண்டு வருஷமாக என் பியானோ,
உள்ளே பார்த்ததேயில்லை.
இருநூற்றுச் சொச்சம் கம்பிகள், நுனியெல்லாம் துரு,
சுத்தியல் கம்பளியில் பூச்சி அரித்த பொடி,
அடியில் ஒரு ரூபாய், ஒரு ஹேர்பின்,
கரப்பான் குடும்பம் ஒன்று.

"கடைசியா எப்போ ட்யூன் பண்ணீங்க?"
பல் டாக்டரிடம் சொல்வதுபோல
இரண்டு வருஷம் குறைத்துச் சொன்னேன்.
பல் டாக்டரைப் போலவே
நம்பாமல் தலையாட்டினாள்.

சுருதி அரைக்கட்டை இறங்கிக் கிடக்கிறது.
ஒரேயடியாய் இழுத்தால் அறுந்துவிடும்.
இன்றைக்குப் பாதி, அடுத்த மாதம் மீதி.

சிவப்பு ஃபெல்ட் பட்டையைக் கம்பிகளுக்கிடையே செருகி
மூன்றில் ஒன்றை மட்டும் பேசவிட்டாள்.
இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்திவிட்டுக் காத்திருந்தாள்.
தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுத்தது,
காத்திருந்தாள்.
கீழே கேஸ்காரன் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு போனான்,
காத்திருந்தாள்.
"கேக்குதா? வ்வா... வ்வா... அலை மாதிரி?"
முதலில் கேட்கவில்லை.
பிறகு கேட்டது.
பிறகு அது மட்டும்தான் கேட்டது.

அந்த அலையை முழுக்க அடக்கக் கூடாதாம்.
ஜோடிக்கு ஜோடி மயிரிழை பிசகு விட்டால்தான்
பன்னிரண்டும் ஒரே வீட்டில் இருக்க முடியுமாம்.
சொல்லிக்கொண்டே ஆணியைத் தளர்த்தினாள்.
எனக்கு ஏதோ கேட்கவேண்டும் போலிருந்தது.
கேட்கவில்லை.

மூன்று மணிக்கு ஒரு கட்டை மட்டும் கிர்ர் என்றது.
திருகினாள், ஊதினாள், கழற்றி மாட்டினாள்.
கிர்ர்.
என்னை அதையே அழுத்தச் சொல்லிவிட்டு
அறையைச் சுற்றி நடந்தாள்.
கடிகாரத்தில் காது வைத்தாள்,
ஜன்னல் கண்ணாடியில்,
ஷோகேஸில்.
"பியானோ இல்ல மேடம். இது."

மூடி போட்ட கோப்பை.
வருமான வரி அலுவலகக் கேரம் போட்டி, இரண்டாம் பரிசு.
வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று
மூன்று வருஷமாக அவர் சொல்லிக்கொண்டிருப்பது.
யாருடையது என்று அவள் கேட்கவில்லை.
மூடிக்கடியில் ஒரு துண்டு ஃபெல்ட் வைத்து அமுக்கினாள்.
"மீதியையும் ஏத்தினா
இடப்பக்கத்துக் கட்டைக்கு இது பேச ஆரம்பிக்கும், பாத்துக்குங்க."

ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தாள்:
மேலே பூந்தொட்டி வைக்காதீர்கள்.
ஏசியை மணிக்கொரு தரம் போட்டு அணைக்காதீர்கள்,
ஈரம் ஏறி இறங்கினால் மரத்துக்குப் புரியாது.
அந்துருண்டை, கம்பியில் படாமல்.
ஐப்பசி பிறந்ததும் அடியில் நாற்பது வாட் பல்பு,
கரண்ட் பில்லைப் பார்க்காதீர்கள்.

ராத்திரி ஃபேன் ஓடியது, ஃபிரிட்ஜ் ஓடியது.
எழுந்துபோய் இரண்டையும் நிறுத்தினேன்.
ஃபெல்ட்டை உருவிவிட்டு அந்தக் கட்டையை அழுத்தினேன்.
கிர்ர்.
இடப்பக்கத்துக் கட்டையையும் அழுத்திப் பார்த்தேன்.
இன்னும் இல்லை.