பாதி சோப்பு

பர்தாங் ஆற்றோரப் பாதையில் ஒரு கல்.
அடித்தகட்டில் மோதிய சத்தம்
என் கடைவாயில் கேட்டது.
வண்டியை நிறுத்தி மல்லாந்து
உள்ளே போனான் அலிஃப்பெக்.
வெகுநேரம் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"தொட்டியைக் காக்கப் போட்ட தகடு.
அதுவே மேலே வளைந்து குத்திவிட்டது."

மணலில் சொட்டுச் சொட்டாய் பெட்ரோல்.
எடுத்த சிகரெட்டைக் காதில் செருகினார் ஒருவர்.
நாத்தனார் கல்யாணத்துக்கு வாங்கிய
ரோஜா சோப்பைப் பிரித்துக் கொடுத்தாள் குஷ்னாமோ;
உறையை மட்டும் மடித்து வைத்துக்கொண்டாள்.

விரிசலில் தேய்த்துத் தேய்த்துப்
பாதி கரைந்ததும் சொட்டு நின்றது.
வளைந்த தகட்டைக் கழற்றி
என் காலடியில் போட்டான்.

சாவ்னோப் இன்னும் தூரம்.
வண்டிக்கு அடியில் இப்போது ஒன்றுமில்லை.
கல் வரும்போதெல்லாம்
நாங்கள் நாலு பேரும்
வயிற்றை எக்கிக்கொண்டோம்.