நிரவாதே

இந்த மலையைத் தட்டையாக்கியவன் நான்தான்.
வெடி வைத்தவர்கள் வேறு ஆட்கள்.
நிலக்கரி போன பிறகு
குழியை மூடி, மண்ணை அமுக்கி,
தார்ச்சாலை போல இழைத்துக் கொடுத்தேன்.
சட்டம் அப்படி. இன்ஸ்பெக்டர்
குதிகாலால் தட்டிப் பார்த்து
"பில்லியர்ட்ஸ் ஆடலாம், ஹார்லிஸ்" என்றார்.
அன்று அது பாராட்டு.

புல் வந்தது. முப்பது வருடம்
புல்லாகவே இருந்தது.
ஓக் கொட்டையோடு வந்த அணில்
புதைக்க இடமில்லாமல் திரும்பியிருக்கும்.
மழை இறங்க வழியின்றி வழிந்து
கீழே பெர்லாவின் டிரெய்லர் வீட்டுக்குள்
இரண்டு தடவை படுத்து எழுந்தது.

அதே கென்டக்கி மலை, அதே புல்டோசர்,
பின்னால் மட்டும் நாலடி இரும்புக் கொக்கி.
கிழி என்கிறார்கள். கிழிக்கிறேன்.
பாறை பல்லைக் கடிக்கிற சத்தம்
இடுப்பு வழியாக ஏறி
என் கடைவாய் வரை வருகிறது.

மூன்றாம் நாள் கொக்கியில்
நசுங்கிய ஒரு தெர்மாஸ் மூடி.
பச்சை பெயிண்டில் என் பெயரின் முதலெழுத்து.
எவனோ திருடிவிட்டான் என்று
அன்று வெர்னாவிடம் அளந்திருந்தேன்.

கட்டிகள் தாறுமாறாகக் கிடக்க
பழக்க தோஷம், கை பிளேடை இறக்கப் போகும்.
"நிரவாதே!" என்று கத்துவான் எலாடியோ,
தோள்பை நிறைய
வெள்ளை ஓக், ஹிக்கரி, செஸ்ட்நட் கன்றுகள்.
கன்றுக்கு இத்தனை சென்ட் என்றுதான் கூலி.
ஆனாலும் வேர் மடங்கினால்
பிடுங்கி மறுபடி நடுகிறான்.

நேற்று இரவு நல்ல மழை.
காலையில் எஞ்சினை முடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
சால்களில் தண்ணீர் நின்றது,
பிறகு இல்லை.
பெர்லாவுக்குப் போன் போட்டேன்.
இங்கே வரலையே, என்றாள்.