பேனாவை நீயே கொண்டுபோ

டெல்ஃபீன்,
செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு
உன் மகனுக்கான கூட்டம் என்று கேள்விப்பட்டேன்.
ஃபோர்ட் கென்ட்டில், அதுவும் கிழங்குக் கொட்டகையில்,
எது ஒளியும்?

நான் பதினோரு கூட்டம் பார்த்தவள்.

நாற்காலி சின்னதாக இருக்கும்,
இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுடையது.
முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்துகொண்டு
பெரிய மனுஷியாகப் பேச வேண்டும்.
எதிரே ஆறு பேர். நல்லவர்கள்தான்.
நல்லவர்களுக்கும் பத்து மணிக்கு அடுத்த கூட்டம் இருக்கும்.

முதல் தாளில் ‘வரைவு’ என்று போட்டிருக்கும்.
அந்த ஒரு சொல்லை நம்பு.
வரைவு என்றால் அடிக்கலாம்.

பெற்றோர் கருத்துக்கு மூன்று கோடு விட்டிருப்பார்கள்.
ஏழு வருஷத்தை எந்தக் கோட்டில் எழுதுவாய்?
தனித்தாளில் எழுதி
நீயே பின் அடித்துக் கொடு.

‘ஐந்து முயற்சியில் நான்கு முறை
பத்து வண்ணக் கட்டைகளைப் பிழையின்றி எண்ணுவான்.’
என் தியோவுக்கு மூன்று வருஷம் இதே வரி,
தேதி மட்டும் மாறி.
கட்டையை அவன் தொடவே இல்லை.
வீட்டில், அறுவடை விடுமுறையில்,
ஆவி படிந்த ஜன்னலில் கிழங்கு லாரிக்கு ஒரு கோடு.
முப்பத்தேழு.
ஒன்று காலியாகத் திரும்பினால்
ஒரு கோட்டை உள்ளங்கையால் அழிப்பான்.
போட்டோ எடுத்துப்போய் மேசையில் வைத்தேன்.
மிஸ் உவெலெட் வெகுநேரம் பார்த்தாள்.
‘இவன் கழிக்கிறான்’ என்றாள்,
எண்ணவே தெரியாது என்று எழுதியவள்.
கட்டையை அடித்தோம். லாரி என்று எழுதினோம்.

வாரம் முப்பது நிமிஷம் பேச்சுப் பயிற்சி என்பார்கள்.
அறைக்கு நடக்க நான்கு நிமிஷம், பூட்ஸ் கழற்ற மூன்று.
பனிக்குப் பள்ளி மூடிய நாட்களை
நாட்காட்டியில் வட்டமிட்டு வை.
அது உன் பிள்ளைக்கு வரவேண்டிய பாக்கி,
கேட்பதற்கு வெட்கப்படாதே.

இதை யாரிடமும் சொன்னதில்லை:
ஒரு வருஷம் எனக்கு இரவு ஷிஃப்ட்.
தூக்கக் கண்ணோடு போய்
அன்றே கையெழுத்துப் போட்டேன்.
பதினேழாம் பக்கத்தில்
‘எப்போதும் உடனிருக்கும் உதவியாளர்’
‘தேவைப்படும்போது உதவியாளர்’ ஆகியிருந்தார்.
அக்டோபரில் ஒருநாள்
கனடாவுக்குப் போகும் பாலத்தின் நடுவில்
கோட்டு இல்லாமல் நின்றிருந்தான் தியோ,
லாரிகளை எண்ணிக்கொண்டு.
எல்லைக் காவலர் கூட்டிவந்தார்.
தேவைப்பட்டது என்று யார் முடிவு செய்வது, டெல்ஃபீன்?
இப்போதெல்லாம் பதினேழாம் பக்கத்தில்தான்
படிக்கத் தொடங்குகிறேன்.

ரேனோவையும் கூட்டிப்போ.
அவன் பேசமாட்டான், தெரியும். எழுதிக்கொள்ளட்டும்.
‘பார்க்கலாம்’ என்று யார் சொன்னாலும்
யார், என்றைக்கு என்று எழுதச் சொல்.
ஏட்டுச் சுரைக்காய் என்று எரிச்சல் வரும்.
வரட்டும். ஏட்டில் இல்லாத சுரைக்காயை
இங்கே யாரும் கண்ணால்கூடக் காட்டமாட்டார்கள்.

போன வசந்தத்தில் தியோவே கூட்டத்துக்கு வந்தான்.
பதினாலு வயது. என் மேல்சட்டை அவனுக்குச் சின்னது.
நாற்பது நிமிஷம் எல்லோரும் அவனைப் பற்றிப் பேசினோம்,
நானும்தான்.
மடியிலிருந்த கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினான்.
‘போதும்.’
தவறிப் பட்டிருக்கும் என்றார் உளவியலாளர்.
மறுபடி அழுத்தினான்.
அதையும் குறிப்பில் எழுதுங்கள் என்றேன்.
எழுதினார்கள். மாணவர் கருத்து: போதும்.
எது போதும் என்று இன்னும் எனக்குத் தெரியாது.

முடிந்ததும் வண்டியில் உட்கார்ந்து அழுவாய்.
ஹீட்டரைப் போட்டுக்கொள்.
மூன்று மணி ஷிஃப்டுக்கு நான் உனக்காகக் கார்டு அடிக்கமுடியாது,
மேற்பார்வையாளர் பார்த்துவிடுவார்,
ஆனால் உன் பக்கத்து பெல்ட்டில்தான் நிற்பேன்.

பேனாவை மறக்காதே.
அவர்கள் நீட்டும் பேனா
வழுவழுவென்று எழுதும்.
அதுதான் பயம்.