எது குறைவோ அது

குழித்துறை முன்சீப் கோர்ட்டுக்கு எதிரே
ஸ்டாம்பு வெண்டர் கடையோரம் என் மேசை.
என் மெஷினில் ‘ழ’ மட்டும்
கொஞ்சம் மேலே ஏறி அடிக்கும்.
நான் அடித்த வழக்கெல்லாம்
நடுவில் ஒரு நூல் தூக்கித்தான் நிற்கும்.

எப்சிபாய் வந்தது எழுபத்தொன்பது ஆடியில்.
குடைத் தண்ணீர் பெஞ்சடியில் ஓடி
வக்கீல் செருப்பை நனைத்தது.
அப்பன் ஞானாபரணம் உயில் எழுதாமல் போய்விட்டார்.
மேல்புறத்தில் நாலு ஏக்கர் ரப்பர்,
பாகோட்டில் கிணறோடு ஒரு புரையிடம்,
மரச்சீனி விளை கொஞ்சம்.
அம்மை முன்பே போயாச்சு.
ஆண்மக்கள் மூன்று, இவள் ஒருத்தி.

வக்கீல் வாசித்தார்.
கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றிரண்டில்
திருவிதாங்கூர் போட்ட கிறிஸ்தவ வாரிசுச் சட்டம்:
மகன் பங்கில் கால் மகளுக்கு,
அல்லது ஐயாயிரம் ரூபாய்,
எது குறைவோ அது.

ஸ்திரீதனம் வாங்கியிருந்தால் அதுவும் கிடையாது.
“வாங்கல்ல சாரே, தாறேன்னு சொன்னதுதான்” என்றாள்.
“சொன்னாலே போதும்” என்றார் வக்கீல்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

எது குறைவோ அது.
அடித்துவிட்டுக் கையை எடுத்தேன்.
இத்தனை ஒளிவில்லாத வாசகத்தை
எந்தச் சட்டத்திலும் நான் அடித்ததில்லை.
மீன் துண்டு பங்கு வைத்த கரண்டிக்கும்,
யார் படிப்பை நிறுத்தலாமென்று
கணக்குப் பார்த்த ராத்திரிக்கும்
இது முன்னமே மனப்பாடம்.
ராஜாங்கம் கேட்டு எழுதிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆனாலும் எழுதியவர்களை நான் ஏச மாட்டேன்.
அது அந்தக் காலத்துச் சீர்திருத்தம்.
வழக்கம் வழக்கமென்று
ஆளுக்கொன்று சொன்ன இடத்தில்
ஓர் எண்ணை வைத்தார்கள்.
எண் வந்தால் நியாயம் வந்ததென்று நம்பியிருப்பார்கள்.
கால் என்பது ஒன்றுமில்லாததைவிடப் பெரிதுதானே.

ஐம்பது தையில் டில்லியில் எழுதியாயிற்று,
சட்டத்தின் முன் எல்லாரும் சமம்.
ஐம்பத்தாறு நவம்பரில்
எங்கள் தாலுகாக்கள் மெட்ராசோடு சேர்ந்தன.
போலீஸ்காரன் தொப்பி மாறியது,
பள்ளிக்கூடத்தில் மேப் மாறியது.
சட்டம் மட்டும், புகுந்த வீட்டுக்குப்
பழைய டிரங்குப்பெட்டியைச் சுமந்து வருகிறவள்போல,
எங்கள் கூடவே வந்து இறங்கியது.

முன்சீப் தள்ளினார். அப்பீல்.
வாய்தா. வாய்தா. ஜட்ஜுக்கு டிரான்ஸ்பர்.
எப்சிபாய் தலை நரைத்தது இந்தப் பெஞ்சில்தான்.

எண்பத்தாறு மாசியில் டில்லித் தீர்ப்பு:
பழைய சட்டம் எப்போதோ செத்துவிட்டதாம்,
யாரும் வந்து சொல்லவில்லையாம்.
தையில் எழுதிய அந்த வரி
குழித்துறைப் பாலம் கடக்க முப்பத்தாறு வருஷம்.

எப்சிபாய்க்கு நாலில் ஒன்று கிடைத்தது.
வேடிக்கை, அப்போதும் கால், இப்போதும் கால்.
அது அண்ணன் பங்கில் கால்,
இது அப்பன் சொத்தில் கால்.
மூத்தவன் கிணற்றடியில் முள்வேலி போட்டான்.

பிறகுதான் எனக்கு நல்ல வரும்படி.
ரப்பர் ஷீட் வாசம் மாறாத கைகளோடு
அப்பன்மார் வரிசையில் நின்றார்கள், உயில் எழுத.
“சீக்கிரம் அடி பிள்ளே, மூச்சு நின்னா
மருமகன் பங்கு கேட்டு வருவான்.”
சட்டத்தை விட்டு இறங்கிய வாசகம்
ஒவ்வொருத்தர் விருப்பமாக
என் மேசைக்கே திரும்பி வந்தது.
அடித்தேன். பக்கத்துக்கு மூன்று ரூபாய்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு நாள்
எப்சிபாயும் வந்தாள், கம்பு ஊன்றி.
தீர்ப்பில் கிடைத்த ஒரு ஏக்கர் ரப்பர்.
மகன் இரண்டு, மகள் ஒன்று.
“பயலுவளுக்கு ஆளுக்குப் பாதி போடு.”
மகளுக்கு?
“அவளுக்குத்தான் உருப்படி போட்டு அனுப்பியாச்சுல்லா.”

நான் அவளைப் பார்த்தேன்.
அவள் தெருவைப் பார்த்தாள்.
ஆற்றில் மணல் லாரி உறுமிற்று.
“எழுது பிள்ளே” என்றாள், குரல் கொஞ்சம் இறங்கி.

கார்பன் சொருகினேன்.
மூன்று பிரதி.
முதல் வரியில் ‘எழுதி’ என்று வந்த இடத்தில்
‘ழ’ அதே நூல் உயரத்தில் போய் நின்றது.