உம் கொட்டாத வண்டி

ஆந்திரத் தார் முடிந்து
நம் தார் தொடங்குமுன்
ஒரு முழ அகலத்துக்கு
இரண்டு சர்க்காரும் விட்டுவைத்த பள்ளம்.
இறங்கி ஏறிய ஐகான்
பத்தடி உருண்டு
நின்றுபோனது.

வி.கோட்டாவிலிருந்து பேரணாம்பட்டுக்கு இறங்கும் மலை.
பின் சீட்டில் நாற்பது கிலோ பட்டுக்கூடு,
நாளைக் காலை வாணியம்பாடி ஏலத்துக்கு.
உள்ளே இருப்பவை ஏலத்துக்குக் காத்திராது.
ஓட்டை போட்டுவிட்டால் நூலும் இல்லை, விலையும் இல்லை.

சாவியைத் திருப்பினால்
ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றுகிறது,
வெறும் வாயை மெல்வதுபோல்.
முள் அரை டேங்க் என்கிறது.
கேட்காதது ஒன்றுதான்:
சாவி போட்டதும் பின் சீட்டுக்கு அடியில்
இரண்டே விநாடி
கதை கேட்கிறவன்போல் பம்ப் கொட்டுமே, அந்த உம்.
ஐந்து வருஷமாகக் கொட்டியிருக்கிறது.
நான் தான் கேட்டதில்லை.

இம்தியாஸுக்கு அடித்தேன்.
வெள்ளிக்கிழமை, மணி ஒன்றேகால்.
எடுக்கமாட்டார்.

ஃபியூஸைப் பிடுங்கி வெயிலில் பிடித்தேன்.
நீலம், பதினைந்து, இழை அறவில்லை.
பம்ப் ரிலேயை
ஹாரன் ரிலேயின் இடத்தில் செருகி அமுக்கினேன்.
ஹாரன் அலறி
புதரிலிருந்து ஒரு கௌதாரி கிளம்பியது.
ஆக, ரிலேயும் நிரபராதி.

காலிக் கிரேட் அடுக்கிய தக்காளி டெம்போ
மேலே ஏறிக்கொண்டிருந்தது, நின்றது.
ரெட்டெப்பா என்று பேரைப் பிறகுதான் சொன்னான்.
விஷயத்தைக் கேட்டு, தாடையைச் சொறிந்து,
"ட்யாங்க் கொட்டண்டி அக்கா" என்றான்.

கொட்டுவதா?
இரண்டாயிரம் ரூபாய்ப் பெட்ரோலை, இந்தக் காட்டிலா?
நான் முறைக்க
அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டு
வண்டிக்கடியில் படுத்துவிட்டான்.
டம். டம். டம்.
அவன் மொழியில் கொட்டு என்றால் அடி.
என் மொழியிலும் அதுதான், மேளமாக இருந்தால்.

புழுதியோடு எழுந்து வந்து
காதைச் சீட்டில் வைத்தான்.
"ஊ கொட்டட்லேது" என்றான்.
அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும்
எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கூட்டு மூட்டைகளை நிழல் பார்த்து இறக்கினோம்.
சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றினோம்.
இண்டிகேட்டர் பல்புக்கு இரண்டு ஒயர் முறுக்கிய
டெஸ்ட் லைட் ஒன்று வைத்திருந்தான்.
எர்த் சரி.
கரண்ட் வரவேண்டிய ஒயரில் வைத்தான்.
நான் சாவியைத் திருப்ப, "லேது."
இன்னொரு தரம். "லேது."

முன்னாலிருந்து கிளம்புகிறது,
பின்னால் வந்து சேரவில்லை.
நடுவில் எங்கோ இறங்கிவிட்டது.

ஒயர் போன வழியே மேட்டை உரித்துக்கொண்டு போனேன்.
எறும்பு. பாதி டோல் சீட்டு.
ஒற்றைக் கம்மல்,
ஈஸ்வரம்மாவைச் சந்தேகப்பட்டு
நான் வேலையைவிட்டு நிறுத்திய அதே கம்மல்.
அதை வாயில் போட்டு அடக்கிக்கொண்டேன்,
வைக்க வேறு இடம் இல்லை.

இடப்பக்கம், கால் நீட்டும் இடத்தில்,
கம்பளத்துக்குப் பின்னால்
தீப்பெட்டி அளவில் கறுப்பாய் ஒரு டப்பா.
தலையில் சிவப்புப் பொத்தான், துருத்திக்கொண்டு.
என்னவென்று தெரியாது.
துருத்தியிருந்தால் அமுக்கிப் பார்க்கிற கை.
டக்.

சாவி.
உம்.

ரெட்டெப்பா கூரையைக் கொட்டினான், மேளம்போல்.
காசு வாங்கவில்லை.
ஒரு கூட்டை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்து
மூட்டையிலேயே போட்டுவிட்டுப் போனான்.

பேரணாம்பட்டுக்கு முன்னால் இம்தியாஸ் கூப்பிட்டார்.
ஓரங்கட்டினேன்.
"உள்ளே ஒரு இரும்புக் குண்டு இருக்கும்மா.
பெரிய அடின்னா எகிறிடும், பம்ப் கட் ஆயிடும்.
வண்டி இடிச்சிட்டுதுன்னு நெனச்சுக்கும்.
தீப்புடிக்கக் கூடாதில்ல."
"இடிக்கவே இல்லையே."
"அதுக்கு எப்படித் தெரியும்?"

டேஷ்போர்டில் ரெட்டெப்பாவின் டெஸ்ட் லைட்
மறந்துபோய்க் கிடந்தது.
வளைவுக்கு வளைவு அந்தப் பக்கம் உருண்டு
இந்தப் பக்கம் உருண்டு என்னோடு வந்திருக்கிறது.
அவன் நம்பர் வாங்கவில்லை.

ஈஸ்வரம்மாவின் நம்பர் இருந்தது.
அடித்தேன்.
மூன்றாவது மணியில் எடுத்தாள்.
நான் சொல்லச் சொல்ல
அந்தப் பக்கம்
உம் என்றுகூடச் சத்தமில்லை.