அசையாச் சொத்து

பல்லடத்தில் எங்கள் ஆபீஸ்
எலெக்ட்ரிக்கல் கடைக்கு மேலே. மாடிப்படி பதினெட்டு.
பதினெட்டு என்றாலே சதவீதமாகத்தான் தோன்றுகிறது,
ஏழு வருடமாய் வரி போட்டுப் பழகிய கைக்கு.

இன்று தேதி இருபது.
நடுராத்திரிக்குள் மாதக் கணக்கு ஏறியாக வேண்டும்.
திரையில் வட்டம் சுற்றுகிறது.
கீழே பாவு ஏற்றிய வண்டி
ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.

கரடிவாவிப் பக்கம் கட்டுகிற குடோனுக்குச்
சிமெண்ட் அறுநூறு மூட்டை, கம்பி பதினாறு டன்.
மில் முதலாளி தினமும் போன் போடுகிறார்:
"கட்டுன வரிய வரவுல கழிச்சுக்க முடியாதுங்களா?"
முடியாதுங்க.
கழற்றி எடுத்துப்போகிற மெசினுக்குக் கழிவு உண்டு,
மண்ணோடு ஒட்டி நிற்கிற சுவருக்கு இல்லை.
"சுவரில்லாம மெசின எங்கீங்க வெக்கறது?"
நியாயந்தான்.
ஆடிட்டர் கோகிலவாணி சொன்னார்,
கோர்ட்டு கொஞ்சம் கதவு திறந்ததாம்.
அப்புறம் சட்டத்தில் 'அல்லது' இருந்த இடத்தில்
'மற்றும்' என்று திருத்திவிட்டார்களாம்.
ஒரே ஒரு சொல்.
அதுவும் ஏழெட்டு வருடம் முன்தேதியிட்டு.

இதை ராக்கியப்பண்ணனிடம் சொல்லியிருக்கக் கூடாது.

இப்போது மேலே ஏறி வந்து
மஸ்டர் நோட்டை என் மேசையில் வைக்கிறார்.
வேட்டி ஓரத்தில் காய்ந்த சிமெண்ட்.
"அவிங்க எட்டு வருசம் பின்னால போயி எழுதறாங்க.
நாம ஒரு எட்டு நாளு போகக் கூடாதா கண்ணு?"

எட்டு நாளுக்கு முன் திங்கட்கிழமை.
பொங்கலுக்குள் லிண்டல் முடிக்கிற அவசரத்தில்
சாரக்கம்பு முறிந்து விழுந்தவன் ஜுகல் மாஜி.
நோட்டில் பேரில்லை. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை,
வாரிய அட்டை இல்லை.
"கூலியாள்னு வேண்டாம்.
சப்-கான்ட்ராக்ட் எடுத்தவன்னு போட்டுரு."
ஒரே ஒரு சொல்.
கொத்துக் கரண்டியும் தூக்குக் குண்டும் மட்டும் வைத்திருந்த
கான்ட்ராக்டர்.

கெட்டவர் இல்லை ராக்கியப்பண்ணன்.
முதல் மூன்று ராத்திரி
கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்தார்.
மில்லிலிருந்து நாலு மாத பில் வரவில்லை,
சம்சாரத்தின் ஆரம் பேங்கில் இருக்கிறது;
அந்த ரசீதும் என் ஃபைலில்தான்.
இருபத்தொன்பது சட்டத்தை நாலாக மடித்துவிட்டார்கள் என்று
பேப்பரில் படித்தபோது
"மடிச்சா எடை கொறையுமா?" என்று கேட்டவர்.

வியாழக்கிழமை வவுச்சரோடு நானும் போயிருந்தேன்.
இடுப்புக்குக் கீழே அசையாது என்றாள் நர்ஸ்.
அசையா, அசையும் என்று
மனசு உடனே தலைப்புத் தேடியது.
அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது,
சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.
கையெழுத்துக்குப் பேனா கொடுத்தேன்.
வாங்காமல் கேட்டான்:
"மேடம், அன்னிக்கி ஹாஜிரி
அரை நாளா, முழு நாளா?"
பதினோரு மணி டீக்குப் பிறகுதான் விழுந்தானாம்.

மணி பதினொன்று நாற்பது.
அட்வான்ஸ் வவுச்சர் கட்டைப் பிரிக்கிறேன்.
முதல் வவுச்சர் ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள்,
ஐந்நூறு ரூபாய், கோணலாக ஒரு கையெழுத்து.
"பின்னால போறதுன்னா முழுசாப் போயிரலாங்கண்ணா.
ஆடியிலிருந்து எழுதறேன். கூலியாள்னு.
இன்னிக்கித் தேதியே போடறேன்,
தாமதத்துக்கு வட்டியும் அபராதமும் என்னவோ
அதையும் கட்டீரலாம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நோட்டைப் பிடுங்கவும் இல்லை.
ஜன்னலோரம் போய் நின்று
வேட்டி ஓரத்துச் சிமெண்டை நகத்தால் சுரண்டுகிறார்.

திங்கட்கிழமைக் கட்டத்தில்
முழு நாள் என்று எழுதுகிறேன்.
திரையில் வட்டம் இன்னும் சுற்றுகிறது.
படியிறங்கும் சத்தம்.
ஏழு, எட்டு,
அங்கேயே நின்றுவிட்டது.